காந்தத்தின் இரு நீளங்கள்

அறிவியல் கூடத்தில் ஒரு சட்டக் காந்தத்தை எடுத்து அடிக்கோலால் அளந்து பாருங்கள். 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது அதன் வடிவியல் நீளம். வட துருவத்துக்கும் தென் துருவத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் காந்த நீளம் என்கிறோம். சட்டக் காந்தத்தில் இது சற்றுக் குறைவாகவே இருக்கும்.

துருவங்கள் காந்தத்தின் நுனிகளிலேயே இருப்பதாகப் பலரும் எண்ணுகிறோம். காந்தத்தை இரும்புத்தூளில் தோய்த்தெடுத்தால் உண்மை தெரியும். தூள் நுனிப் பரப்பில் மட்டுமன்றி, அதையடுத்த பக்கங்களிலும் தாடிபோல் அடர்ந்து தொங்கும். காந்தத்தினுள் எண்ணற்ற நுண்காந்தங்கள் அணிவகுத்துள்ளன. நுனியருகே ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்குவதால் அந்த அணிவகுப்பு விசிறிபோல் விரிகிறது. ஆகவே, காந்த விசைக் கோடுகள் பக்கவாட்டிலும் வெளிப்படுகின்றன. அவை புறப்படுவதுபோல் தோன்றும் இடம் நுனிக்குச் சற்று உள்ளே அமைகிறது.

அந்த இடத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். தாளின்மீது காந்தத்தை வைத்து அதன் விளிம்பை வரையுங்கள். நுனியருகே சிறிய திசைகாட்டியை வைத்து, ஊசியின் இரு முனைகளுக்கும் நேராகப் புள்ளியிடுங்கள். நுனியைச் சுற்றி நான்கைந்து இடங்களில் இவ்வாறு செய்யுங்கள். பிறகு காந்தத்தை அகற்றி, ஒவ்வோர் இணைப் புள்ளிகளையும் கோட்டால் சேர்த்து உள்நோக்கி நீட்டுங்கள். கோடுகள் ஏறக்குறைய ஓரிடத்தில் கூடும். மிகச் சரியாக ஒரே புள்ளியில் சந்திக்காவிட்டால் கவலை வேண்டா. துருவம் என்பதே ஒரு சிறு பகுதிதான். கணக்கிடும் வசதிக்காக அதைப் புள்ளி என்கிறோம்.

சட்டக் காந்தத்தின் காந்த நீளம், வடிவியல் நீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு எனக் கொள்வது வழக்கம். அப்படியானால் நம் காந்தத்தின் காந்த நீளம் 10 சென்டிமீட்டர். துருவ வலிமையைக் காந்த நீளத்தால் பெருக்கினால் காந்தத் திருப்புத்திறன் கிடைக்கும். 10க்குப் பதிலாக 12ஐப் பெருக்கினால், விடை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். சிறு பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது.

ஆறில் ஐந்து என்பது இயற்கை விதியன்று. மெலிந்து நீண்ட காந்தத்தில் துருவங்கள் நுனிகளை இன்னும் நெருங்கியிருக்கும். 1785ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கூலோம் துருவங்களுக்கு இடையிலான விசையை ஆராய்ந்தபோது இத்தகைய காந்தங்களையே பயன்படுத்தினார். மறுதுருவம் தொலைவில் இருந்தால்தானே அதன் குறுக்கீடு குறையும்?

லாடக் காந்தத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. வளைவின் வழியே அளக்காமல், இரு துருவங்களுக்கும் இடையிலான நேர்த்தூரத்தையே அளக்க வேண்டும். 22 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய காந்தக் கம்பியை அரைவட்டமாக வளைத்தால், நுனிகளுக்கு இடையே இருக்கும் தூரம் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர்தான்.