அக்கரைச் சீமையும் சேப்பாக்கமும்

தூத்துக்குடியில் கப்பலேறினால் கொழும்பில் போய் இறங்கலாம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அரிசி, ஜவுளி, கருவாடு, கல்யாண சம்பந்தம் எல்லாமே அந்தக் கடலைத் தாண்டிப் போய் வந்தன. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக் குளித்தார்கள். இவ்வளவு நெருங்கிய அண்டை வீட்டாருக்குள் போட்டி இல்லாமல் இருக்குமா? அதுவும் கிரிக்கெட் போட்டி!

இன்று இந்தியாவும் இலங்கையும் மோதினால் அடுப்பில் பால் பொங்குவதுகூட நமக்குத் தெரிவதில்லை. இந்தப் போட்டிக்கு நீர் ஊற்றி வளர்த்ததில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு.

1947 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் தென்னிந்தியக் கோஷ்டியை எதிர்த்து இலங்கைக் கோஷ்டி ஆடியது. மகாதேவா சதாசிவம் என்ற தமிழர் மட்டையுடன் இறங்கி 215 ரன் குவித்தார். அடி வாங்கியது நம் கோஷ்டிதான். ஆனாலும் அந்த அழகான ஆட்டத்தைச் சென்னை ரசிகர்கள் பல வருஷம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். மறு வருஷமே, பிராட்மனின் ஆஸ்திரேலியக் கோஷ்டி கொழும்பில் இறங்கியபோது, இலங்கையின் தலைவர் அவர்தான்.

ஆனால் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடையாது. கடல் வழியே போகும் பெரிய கோஷ்டிகள் கொழும்பில் ஒரு நாள் ஆடிவிட்டுக் கப்பலேறிவிடும். ஒரு நாள் விருந்தாளிகளிடம் எவ்வளவு பாடம் படிக்க முடியும்?

அந்தக் குறையைத் தீர்க்க 1952-53-ல் பிறந்தது கோபாலன் கோப்பை. சென்னையும் இலங்கையும் அங்கும் இங்குமாக மாறி மாறி மோதின. 1970-களின் நடுப்பகுதி வரை இது நீடித்தது.

எம். ஜே. கோபாலன் யார் தெரியுமா? 1934-ல் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர், ஹாக்கியிலும் புலி. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணத்துக்கா என்ற கேள்வி வந்தது. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கிக் கோஷ்டி தங்கப் பதக்கத்துடன் திரும்பியது. இவருக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை!

கோபாலனுக்காவது அதற்கு முன்பே ஒரு டெஸ்ட் ஆடக் கிடைத்தது. சதாசிவத்துக்கு அதுவும் இல்லை. 1977-ல் அவர் காலமானார். இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து வந்தது 1981-ல்.

இந்தியாவுடன் இலங்கையின் முதல் டெஸ்ட் 1982 செப்டம்பரில் நடந்தது. எங்கே? அதே சேப்பாக்கத்தில்! துலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105 ரன் அடித்தார். 175 ரன் எடுத்தால் ஜயம் என்ற நிலையில், 135 ரன்னுக்கு 7 விக்கெட்டை இழந்து தவித்தது இந்தியா. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

1985-ல் இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டது. தோற்றது வேறு யாருமல்ல, நாம்தான்! ஆட்டம் நடந்த கொழும்பு மைதானத்துக்குப் பெயர் கொடுத்தவரும் ஒரு தமிழர், சரவணமுத்து.

பிறகு வந்தார் முத்தையா முரளிதரன். தேயிலைத் தோட்டத்தில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து போனவரின் பேரர். 2010-ல் காலியில் நடந்த தம் கடைசி டெஸ்டில், கடைசிப் பந்தில், அவர் தமது 800-வது விக்கெட்டை எடுத்தார். ஆட்டமிழந்தவர் ஓர் இந்தியர்.

விக்கெட்டை எடுத்தாலும் அவரைக் கோபித்துக்கொள்ள முடியுமா? 2005-லேயே சென்னைப் பெண்ணைக் கைப்பிடித்த நம் வீட்டு மாப்பிள்ளை அல்லவா அவர்!