தோலின் நலமும் இளமையும் காக்கும் உணவு

தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோர் எங்களிடம் தவறாமல் கேட்கும் வினாக்கள் இரண்டு. "எதைச் சாப்பிட்டால் முகம் பொலிவு பெறும்?" என்பது ஒன்று. "எதையெல்லாம் ஒதுக்க வேண்டும்?" என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை தேடுவோர் விலையுயர்ந்த பொடிகளை வாங்குகின்றனர். இரண்டாவதற்கு விடை தேடுவோர் முட்டை, மீன், பருப்பு, கத்தரிக்காய் என ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போகின்றனர். இரு சாராருமே, தோலை உருவாக்கும் அன்றாட உணவைக் கவனிக்கத் தவறிவிடுகின்றனர்.

தோல் எதனால் ஆனது?

தோலின் மேலடுக்கு ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. முதுமையில் இதற்குக் கூடுதல் நாட்கள் ஆகும். அதன் அடியில் உள்ள உள்ளடுக்கே தோலுக்கு உறுதி தருகிறது. கொலாஜன் என்னும் புரத இழைகள் அங்கே பாய் முடைந்தாற்போல் பின்னிக் கிடக்கின்றன. தோலின் உலர் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்புரதமே. வயது ஏற ஏற இது சிறிது சிறிதாகக் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் வரும் முதல் சில ஆண்டுகளில் இக்குறைவு விரைவாக நிகழ்கிறது. காலத்தை நிறுத்த எந்த உணவாலும் இயலாது. ஆயினும், எஞ்சியதைப் பழுதுபார்க்கவும் புதியதை உருவாக்கவும் தேவைப்படும் பொருள்கள் உணவிலிருந்துதான் வர வேண்டும்.

புரதம்

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம் ஆகும். காலையில் இட்லி, நண்பகலில் சாதம், இரவில் தோசை என அரிசியே வயிற்றை நிரப்பும் வீடுகளில் இவ்வளவு எட்டுவது அரிது. ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் ஏறத்தாழ 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம், 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் வரை புரதம் உண்டு. சைவ உணவினர் கெட்டியான பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவற்றை ஒவ்வொரு வேளையும் ஏதேனும் ஒரு வடிவில் சேர்த்துக்கொள்ளலாம்.

கஞ்சியும் தேநீரும் பிஸ்கட்டுமே உணவாகிவிட்ட முதியோரின் தோல் எளிதில் நலிவடைகிறது. லேசாக இடித்துக்கொண்டாலே கன்றிவிடும். படுத்த படுக்கையாக இருப்போர்க்குப் புண் உண்டாகி, ஆறாமல் நீளும். அவர்களுக்கு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பருப்புக் கடைசலோ கூடுதலாக ஊட்டுவது, எந்தக் களிம்புக்கும் குறையாத சிகிச்சை.

வைட்டமின் சி

கொலாஜன் இழைகள் உறுதியாக முறுக்கேற வைட்டமின் சி இன்றியமையாதது. நெடுங்கடல் பயணங்களில் மாலுமிகளின் ஈறுகளில் குருதி கசிந்ததும், தோலில் செந்நிறப் புள்ளிகள் தோன்றியதும், ஆறிய தழும்புகள் மீண்டும் பிளந்ததும் இதன் குறைபாட்டினால்தான். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் பன்னிரண்டு நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகைச் சிகிச்சைகளைச் சோதித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைந்து தேறினர்.

வளர்ந்தோர்க்கு நாள்தோறும் 65 முதல் 80 மில்லிகிராம் போதும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. நெல்லிக்காயிலும் மிகுதியாக உண்டு. வெப்பம் இதனைச் சிதைக்கும். ஆகவே பழங்களைப் பச்சையாக உண்பதும், எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிவதும் நன்று.

காய்களும் நல்ல கொழுப்பும்

முருங்கைக் கீரை, கேரட், பப்பாளி, பரங்கிக்காய் போன்றவை வைட்டமின் ஏ ஆக மாறும் நிறமிகளைத் தருகின்றன. வைட்டமின் ஏ குறைந்தால் தோல் வறண்டு சொரசொரப்பாகும். இந்நிறமிகள் உடலில் சேரச் சிறிது எண்ணெய் வேண்டும். ஆகவே கீரையைத் தாளித்து உண்ணும் நம் வழக்கம் பொருத்தமானதே. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், கொட்டைகள், மத்தி மீன் ஆகியவற்றில் உள்ள கொழுப்பு அமிலங்கள் தோலின் ஈரத்தைக் காக்கும் அரணுக்கு உதவுகின்றன.

அமெரிக்காவில் 40 முதல் 74 வயது வரையுள்ள நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. வைட்டமின் சி மிகுந்த உணவை உண்டோர்க்குச் சுருக்கமும் வறட்சியும் குறைவாகக் காணப்பட்டன. உணவுதான் இதற்குக் காரணம் என்று இவ்வாய்வு நிறுவிவிடவில்லை; ஆனால் நாம் அறிந்த உடலியலோடு அது ஒத்துப்போகிறது.

சர்க்கரை

இரத்தத்தில் மிகும் சர்க்கரை கொலாஜன் இழைகளில் ஒட்டி, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து விறைக்கச் செய்கிறது. நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுள் சிலர் கைகூப்பி வணங்கும்போது விரல்கள் ஒன்றோடொன்று முழுதும் படியாமல் இடைவெளி விடுவதை நாங்கள் காண்கிறோம். நீரிழிவு உள்ளோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது தோலுக்கும் செய்யும் பேருதவி. மற்றவர்களும் தேநீரிலும் குளிர்பானங்களிலும் சர்க்கரையைக் குறைப்பது நலம்.

கரப்பான் பண்டம் என்னும் அச்சம்

தோலில் அரிப்பு வந்தவுடன் கத்தரிக்காய், கருவாடு, முட்டை ஆகியவற்றைக் கரப்பான் பண்டம் என விலக்குவதும், அறுவைச் சிகிச்சைக்குப்பின் பருப்பு உண்டால் சீழ் பிடிக்கும் என அஞ்சுவதும் பல குடும்பங்களில் உண்டு. சீழ் பிடிப்பது கிருமித் தொற்றினால், பருப்பினால் அன்று. புண் ஆறும் காலத்தில் புரதத் தேவை கூடுகிறது. செதில் உதிரும் சொரியாசிஸ் உடலெங்கும் பரவியிருந்தால், அச்செதில்களோடு புரதமும் நாள்தோறும் வெளியேறுகிறது. அத்தகையவர்க்குப் புரத உணவை விலக்குவது நோயை இருமடங்காக்குவதே.

உண்மையான உணவு ஒவ்வாமையும் உண்டு. இறால், வேர்க்கடலை போன்றவற்றை உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தடிப்போ உதடு வீக்கமோ தோன்றினால் அப்பொருளை அறவே தவிர்க்க வேண்டும். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். ஆயின், ஐயத்தின் பேரில் பத்துப் பொருள்களை விலக்கும் முன் மருத்துவரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

பொடிகளும் மாத்திரைகளும்

கொலாஜன் பொடி குடலில் செரித்து அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவுமே உட்சேர்கிறது. சில ஆய்வுகள் தோலில் சிறு முன்னேற்றத்தைக் காட்டினாலும், அவற்றுள் பல விற்பனையாளர்களின் நிதியில் நடந்தவை. அப்பணத்தில் வீட்டார் அனைவர்க்கும் முட்டையும் கொய்யாவும் வாங்கலாம். வைட்டமின் ஏ மாத்திரை அளவு மீறினால் கல்லீரலையும் கருவில் உள்ள குழந்தையையும் பாதிக்கும். முடிக்கும் தோலுக்கும் என உட்கொள்ளும் பயோட்டின் மாத்திரை, தைராய்டு முதலிய இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பிறழச் செய்யக்கூடும். அதனை உட்கொள்வோர் பரிசோதனைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

நாள்தோறும் 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழமும் உண்ண வேண்டும் என்பது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இதனோடு வேளைதோறும் புரதம் சேர்ந்தால் தோலுக்கு வேண்டியது பெரும்பாலும் கிட்டிவிடும். சிறுநீரக நோய் உள்ளோர் புரதத்தையும் பழங்களையும் கூட்டும் முன்பும், வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோர் கீரையின் அளவை மாற்றும் முன்பும் தம் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

தோலை முதுமையாக்குவதில் வெயிலுக்கும் புகையிலைக்கும் பெரும்பங்கு உண்டு. நல்ல உணவு குடைக்கு ஈடாகாது. புகைப்பதன் கேட்டையும் அது ஈடுசெய்யாது.

அடுத்த முறை எங்களைக் காண வரும்போது, மாத்திரைச் சீட்டோடு, கடந்த மூன்று நாட்கள் உண்டவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்பதை அதைக் கொண்டு சேர்ந்தே முடிவு செய்வோம்.