உண்ணும் கொழுப்பும் உயிர்மூச்சும்

உணவிலுள்ள கொழுப்பு உடலைப் பருக்கச் செய்வதற்கன்றி வேறெதற்கும் உதவாது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். ஆனால் நாம் விடும் ஒவ்வொரு மூச்சும் கொழுப்பின் துணை கொண்டே நடைபெறுகின்றது. இறைவன் அமைத்த இவ்வுடலின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

கொழுப்பு செல்லும் வழி

நாம் உண்ணும் எண்ணெய், நெய், மீன் ஆகியவற்றின் கொழுப்பு, சிறுகுடலில் பித்தநீரின் உதவியால் நுண்துளிகளாகிக் கொழுப்பமிலங்களாகப் பிரிகின்றது. சர்க்கரையும் புரதச்சத்தும் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் செல்கின்றன. கொழுப்பின் பெரும்பகுதியோ நிணநீர் நாளங்களில் புகுந்து, மார்பின் வழியே மேலேறி, இடத் தோளருகேயுள்ள பெருஞ்சிரையில் கலக்கின்றது. அங்கிருந்து இதயத்திற்கும், இதயத்திலிருந்து நுரையீரலுக்கும் செல்கின்றது. கல்லீரலை அடையுமுன் அது நுரையீரலை அடைந்துவிடுகின்றது!

நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழல்களில் ஒரு நொதி அத்துளிகளை உடைத்துக் கொழுப்பமிலங்களை விடுவிக்கின்றது. உயிரணுக்களின் மேற்சவ்விலுள்ள சில புரதங்கள் அவற்றை உள்ளே சேர்க்கின்றன. உட்புகுந்தவை எரிபொருளாகின்றன, சவ்வின் பகுதியாகின்றன, காற்றறைகளைக் காக்கும் படலமாகவும் மாறுகின்றன.

காக்கும் படலம்

நம் நுரையீரலில் 30 கோடிக்கு மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் உட்புறம் ஈரமானது. ஈரத்தின் இழுவிசையால் அவை மூச்சை வெளிவிடும்போதெல்லாம் ஒட்டிச் சுருங்கிவிடக்கூடும். அவ்வாறு நேராமல் தடுப்பது, பெரும்பாலும் கொழுப்பாலான ஒரு மெல்லிய படலமே. கருவிலுள்ள குழந்தைக்கு இப்படலம் கருவளர்ச்சியின் இறுதி வாரங்களில்தான் நிறைவு பெறுகின்றது.

1963 ஆகஸ்டு 7ஆம் நாள் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன் பாட்ரிக், ஐந்தரை வாரங்கள் முன்னதாகப் பிறந்தான். உடனே ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. ஆயினும் மூச்சுத் திணறலால் 39 மணி நேரமே வாழ்ந்து மறைந்தான். அதிகாரமும் செல்வமும் அக்குழந்தைக்கு உதவவில்லை. இப்படலக் குறையே அந்நோயின் காரணமென 1959இலேயே மேரி எல்லன் ஏவரி என்னும் மருத்துவர் கண்டறிந்திருந்தார், மருந்துதான் இல்லை. 1972இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்போர், தாய்க்கு முன்கூட்டியே ஊசி மருந்து செலுத்திச் சிசுவின் நுரையீரலை முதிரச் செய்யலாமென நிறுவினர். 1980இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, பசுவின் நுரையீரலிலிருந்து எடுத்த படலப்பொருளைக் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி வெற்றி கண்டார். இன்று எண்ணற்ற குழந்தைகள் இவற்றால் பிழைக்கின்றனர்.

இங்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகின்றோம். இக்குறை நேர்வது குழந்தை முதிருமுன் பிறப்பதால். தாய் உண்ட உணவால் அன்று. எனவே குறைமாதத்தில் ஈன்ற தாயை வீட்டார் குறைகூறுதல் அறியாமை மட்டுமன்று, அன்பின்மையுமாகும்.

மீனும் ஆஸ்துமாவும்

சவ்வில் சேரும் கொழுப்பமிலங்களுள் ஒருவகை, மூச்சுக்குழாயைச் சுருக்கும் பொருள்களாக மாறவல்லது. மீனெண்ணெயிலுள்ள ஒமேகா-3 வகை அதனோடு போட்டியிட்டு அதன் இடத்தைப் பிடிக்கின்றது. டென்மார்க்கில் 736 கருவுற்ற பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. கருவுற்ற காலத்தின் கடைசி மூன்று மாதங்களில் நாள்தோறும் 2.4 கிராம் ஒமேகா-3 பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் 16.9 விழுக்காட்டினருக்கும், பெறாதோரின் குழந்தைகளில் 23.7 விழுக்காட்டினருக்கும் தொடர் இளைப்போ ஆஸ்துமாவோ ஏற்பட்டது. எல்லா ஆய்வுகளும் இம்முடிவையே தரவில்லை. அந்த அளவும் அன்றாட உணவில் கிட்டுவதினும் மிகுதி. ஆதலால் மருத்துவரைக் கேளாமல் மாத்திரைகளை நாடுதல் வேண்டா. ஆஸ்துமா உள்ளோர் மீனை நம்பி மருந்தை நிறுத்துதலும் ஆகாது.

வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தவிர்த்து மீன் சமைக்கும் நம் இல்லங்களில், விலை குறைந்த சாளையும் கானாங்கெளுத்தியும் இச்சத்து நிறைந்தவை. உணவின் முன் நாம் சொல்லும் நன்றிச் செபத்தில், அவ்வுணவால் நாம் விடும் மூச்சையும் நினைவுகூர்வோமாக.