அம்பாசடருக்குப் புகைக்குழாய்: வீட்டிலா, பட்டறையிலா?

உத்தர்பாரா ஆலையில் 2014-ல் உற்பத்தி நின்ற பிறகும், கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழனான நான் என் அம்பாசடர் காரை விடவில்லை. உதிரிபாகத்துக்கு மல்லிக் பஜார் இருக்கிறது. துருவுக்குத்தான் ஓய்வே இல்லை. தெருவில் தேங்கும் மழைநீர் குழாயை வெளியிலிருந்து அரிக்கும். உள்ளேயும் நீர் உண்டு: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பக்கத்துக் கடைவரை மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் சூடேறாமல், அந்த ஆவி அங்கேயே நீராகித் தங்கிவிடும்.

புதுக்குழாயை நாமே செய்யலாமா? செய்யலாம், பாதிவரை. அளவெடுப்பது, வண்டிக்கடியில் வழி பார்ப்பது, ஆயத்த வளைவுகளை வாங்கி அறுத்துப் பொருத்துவது எல்லாம் பொறுமை இருப்பவருக்குக் கைவரும். குழாயை ரப்பர் பட்டைகளில்தான் தொங்கவிட வேண்டும். எஞ்சின் ஆடும்போது இறுகிய குழாய் விரிசல் விடும்.

வளைப்பது வேறு கதை. சாதாரண எந்திரம் வளைவில் குழாயை நசுக்கிவிடும், புகை திணறும். உள்ளே தண்டு கொடுத்து வளைத்தால் விட்டம் குறையாது. துருப்பிடிக்காத எஃகு என்றால் பற்றவைக்கும்போது குழாயின் உட்புறமும் ஆர்கான் வாயு நிரம்பியிருக்க வேண்டும், இல்லையேல் உள்தையல் கருகிப் பொரிந்துவிடும். அதனால் வளைப்பையும் பற்றவைப்பையும் நான் பட்டறைக்கே விடுவேன். பெட்ரோல் டேங்க் அருகே தீப்பொறி பறக்கவிடுவது வீட்டுவேலை அல்ல.

சத்தத்துக்காகச் சைலன்சரைக் கழற்றுவது மட்டும் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 120 சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. மருத்துவமனைத் தெருக்கள் நிறைந்த ஊர் இது.