டாக்டர் சீட்டில் இருக்கும் இங்கிலீஷ்

போன மாதம் ஒரு சாயந்திரம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிறேன். மாடி வீட்டுப் பெண், மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, பாப்பாவுக்கு ஏதோ 'அக்யூட்'டாம். சீட்டிலேயே எழுதிட்டார். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலைக்கா!"

சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'அக்யூட் டான்ஸிலைட்டிஸ்' என்று இருந்தது. தொண்டைச் சதை திடீரென்று வீங்கிப் புண்ணாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

"ஏம்மா, டாக்டரிடமே கேட்டிருக்கலாமே?"

"கேக்க வெட்கமா இருந்துச்சுக்கா. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருஷங்களுக்கு முன்னால் இதே மாதிரி தலையாட்டிவிட்டு வந்து, பெற்ற பிள்ளைக்கே ஆபத்தைத் தேடிவைக்க இருந்தவள் நான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் பள்ளி இறுதி வரை தமிழில் படித்தவள். 'டென்ஷன்', 'ஃபீஸ்', 'அட்ஜஸ்ட்' எல்லாம் நம் வாயில் தண்ணீர் பட்ட பாடுதான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால் அதே இங்கிலீஷ் வேறு முகம் காட்டுகிறது. பேச்சில் ஓர் அர்த்தம், சீட்டில் இன்னோர் அர்த்தம். கேட்டுக் கேட்டு நான் நோட்டில் குறித்து வைத்த சில வார்த்தைகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

அக்யூட், க்ரானிக்

'க்ரானிக் கேஸ்' என்றால் பிழைப்பது கஷ்டம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் இந்த இரண்டு வார்த்தைகளும் காலத்தைச் சொல்பவை. திடீரென்று வந்தது 'அக்யூட்'. நீண்ட நாளாக இருப்பது 'க்ரானிக்'. குழந்தையின் தொண்டைப் புண்ணும் அக்யூட்தான், மாரடைப்பும் அக்யூட்தான். வியாதி சின்னதா பெரிதா என்பதை இந்த வார்த்தையை வைத்துச் சொல்ல முடியாது. டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

நெகட்டிவ் என்றால் கெட்டதா?

2020-ல் கொரோனா வந்தபோது இந்த வார்த்தையை எல்லோரும் படித்துக்கொண்டோம். பேச்சில் 'பாஸிடிவ்' நல்லது. பரிசோதனை ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்றால், தேடிப் பார்த்த கிருமி அந்தப் பரிசோதனையில் தென்படவில்லை என்று அர்த்தம்.

ஆனால் ரத்தப் பிரிவில் வருகிற 'நெகட்டிவ்' வேறு. அது வியாதி இல்லை. 'ஆர்.எச்.' என்ற ஒரு பொருள் ரத்த அணுக்களின் மேல் இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. கர்ப்பிணிப் பெண் நெகட்டிவ் பிரிவாக இருந்து, குழந்தை பாஸிடிவ் பிரிவாகப் பிறந்தால், பிரசவத்துக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் 'ஆன்ட்டி-டி' என்ற ஊசி போடுவார்கள். போடாமல் விட்டால் அடுத்த குழந்தையின் ரத்தத்துக்கு ஆபத்து வரலாம். நெகட்டிவ் பிரிவுக்காரர்கள் முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கரு கலைந்திருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொரு ஜோடி: கட்டியைப் பரிசோதித்த ரிப்போர்ட்டில் 'பினைன்' என்று இருந்தால் அது புற்றுநோய் இல்லை. 'மாலிக்னன்ட்' என்றால் புற்றுநோய்.

சீட்டில் வரும் குட்டி எழுத்துக்கள்

இவை இங்கிலீஷ் எழுத்தில் இருந்தாலும் லத்தீன் மொழி வார்த்தைகளின் சுருக்கம். அதனால் படித்தவர்களுக்குக்கூடப் புரியாது. நாம் வெட்கப்பட ஒன்றுமே இல்லை!

ஓ.டி. – தினம் ஒரு வேளை.
பி.டி. – தினம் இரண்டு வேளை.
டி.டி.எஸ். – தினம் மூன்று வேளை.
எச்.எஸ். – படுக்கப் போகும்போது.
ஏ.சி. – சாப்பாட்டுக்கு முன். (குளிர்சாதனப் பெட்டி இல்லை!)
பி.சி. – சாப்பாட்டுக்குப் பின்.
எஸ்.ஓ.எஸ். – தேவைப்பட்டால் மட்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியம். எஸ்.ஓ.எஸ். என்றால் ஆபத்துக்குக் கூப்பிடும் அடையாளம் என்று சினிமாவில் பார்த்திருப்போம். காய்ச்சல் மருந்துக்குப் பக்கத்தில் அது இருந்தால், காய்ச்சல் அடித்தால் மட்டும் கொடு என்று அர்த்தம். குழந்தை ஜில்லென்று தூங்கும்போது எழுப்பி ஊற்ற வேண்டியதில்லை. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் எத்தனை மணி நேரம் இடைவெளி என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

1-0-1 என்று எழுதியிருந்தால் காலை ஒன்று, மத்தியானம் இல்லை, ராத்திரி ஒன்று. மருந்தின் பெயரைப் புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் விதி செய்திருக்கிறது. ஆகவே கிறுக்கலாக இருந்தால் "புரியலை சார்" என்று சொல்வது தப்பே இல்லை.

டிராப்ஸ் வேறு, சிரப் வேறு

இப்போது என் கதை. மூத்தவனுக்கு ஒன்றரை வயது. ராத்திரி நல்ல காய்ச்சல். டாக்டர் பாராசிட்டமால் 'சிரப்' 5 மில்லி என்று சொன்னார். நான் தலையாட்டினேன். வீட்டில் அவன் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய 'டிராப்ஸ்' பாட்டில் ஒன்று இருந்தது. அதே பெயர், அதே பெட்டி. எதற்கு வீண் செலவு என்று, அளவு மூடியில் அதையே 5 மில்லி ஊற்றிவிட்டேன்.

பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், "ஏம்மா, இத்தனை நாள் சொட்டுச் சொட்டாத்தானே விட்டே? இன்னைக்கு மூடி நிறைய ஊத்தறியே?" என்றார். இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர் அவர். எனக்குச் சுருக்கென்றது. மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்காமல் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடினேன்.

கடைக்காரர் இரண்டு லேபிளையும் காட்டினார். சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் மருந்து. டிராப்ஸில் ஒவ்வொரு மில்லிக்கும் 100 மில்லிகிராம். நான் ஊற்றியதில் 500 மில்லிகிராம். பெரியவர்கள் போடுகிற ஒரு முழு மாத்திரை! அதிகமானால் ஈரலைக் கெடுக்கும் மருந்து அது. சிரப்பிலேயே 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ளதும் விற்கிறது. அதனால் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், எண்ணையும் பாருங்கள்.

'டீஸ்பூன்' என்றால் 5 மில்லி. 'டேபிள்ஸ்பூன்' என்றால் 15 மில்லி. மூன்று மடங்கு வித்தியாசம். நம் சமையலறைக் கரண்டி எதுவும் இந்தக் கணக்கில் நிச்சயமாக இருக்காது. மருந்தோடு வரும் மூடி அல்லது சிரிஞ்சால்தான் அளக்க வேண்டும்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

'எக்ஸ்பைரி' என்று மாதமும் வருஷமும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை உபயோகிக்கலாம். ஆனால் தண்ணீர் கலந்து தயாரிக்கும் பவுடர் மருந்துக்கு இது கலக்கும் வரைதான். கலந்த பிறகு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான் தாங்கும். எத்தனை நாள், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா என்பதெல்லாம் லேபிளிலேயே இருக்கும். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

'ஷேக் வெல்' – நன்றாகக் குலுக்கவும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். 'ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி' – வெளிப்பூச்சுக்கு மட்டும். இந்த பாட்டிலைக் குடிக்கும் மருந்தோடு ஒரே அலமாரியில் வைக்கவே கூடாது.

மாடி வீட்டுப் பெண் மறுபடி டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். அவர் ஏதோ சொல்ல, இவள் வழக்கம்போலத் தலையாட்ட ஆரம்பித்தாள். நான் லேசாகக் கையைக் கிள்ளினேன். "டாக்டர், ஒரு தடவை தமிழில் சொல்லுங்களேன்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னார். மொத்தம் இரண்டே நிமிஷம்தான் ஆயிற்று.

என் மாமியாரிடம் நான் கற்றது இதுதான், சகோதரிகளே. தெரியாத வார்த்தைக்குத் தலையாட்டாதீர்கள். கேளுங்கள்.