பெயரில்லாமல் எழுதும் கைகள்

"ஊர் கூடித் தேர் இழுப்பது" என்பது நம் நாட்டு வழக்கு. தேர்வடத்தைப் பிடிக்க வருகிறவரிடம், "உன் பெயர் என்ன? எந்தத் தெரு?" என்று யாரும் கேட்பதில்லை. வடத்தைத் தொட்டவர் எல்லோரும் தேரை இழுத்தவரே. இன்று கணிப்பொறியிலும் இப்படி ஒரு வடம் இருக்கிறது. ஒரு வகுப்பு மாணவியர் பலர், அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே ஒரே படக்காட்சித் தொகுப்பைத் தயாரிக்கலாம். மின்னஞ்சல் கணக்கோ கடவுச்சொல்லோ இல்லாதவளும்கூட அதில் கை வைத்து எழுதலாம். இது எப்படி நடக்கிறது? இதனால் வரும் நன்மை என்ன? தீமை என்ன? சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சியால் நான் அறிந்துகொண்டவற்றை என் சகோதரிகளுக்கு இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

அட்டையிலிருந்து இணையத்துக்கு

நம் அன்னையர் படித்த காலத்தில் கண்காட்சி என்றால் சார்ட் அட்டையும் வண்ணப் பேனாவும்தான். 1987ஆம் ஆண்டில் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்காகப் பவர்பாயிண்ட் என்னும் மென்பொருள் வெளிவந்தது. அதை உருவாக்கிய ஃபோர்தாட் என்ற நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டில் விலைக்கு வாங்கிக்கொண்டது. அட்டை போய் ஸ்லைடு வந்தது. ஆனால் ஒரு குறை மட்டும் தீரவில்லை. தொகுப்பு ஒரே கணிப்பொறிக்குள் இருந்தது. மற்றவர் அதைத் திருத்த வேண்டுமானால் பிரதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஐந்து பேர் திருத்தினால் ஐந்து பிரதிகள்! எது கடைசிப் பிரதி என்று கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

2007ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தன் இணைய எழுத்தேடுகளுடன் படக்காட்சித் தொகுப்பையும் சேர்த்தது. அதையே இன்று கூகுள் ஸ்லைட்ஸ் என்கிறோம். இதில் தொகுப்பு நம்மைத் தேடி வருவதில்லை. நாம்தான் தொகுப்பைத் தேடிப் போகிறோம். அது ஓரிடத்தில் இருக்கிறது. எல்லோரும் அங்கே போய் எழுதுகிறோம்.

கதவும் சாவியும்

தொகுப்பை உருவாக்குகிறவருக்குக் கட்டாயம் ஒரு கணக்கு வேண்டும். அவரே அதன் உரிமையாளர். மேலே வலப்பக்கத்தில் உள்ள 'ஷேர்' பொத்தானை அவர் அழுத்தினால் இரண்டு வழிகள் தெரியும். முதல் வழியில், இன்னின்னார் மட்டும் வரலாம் என்று மின்னஞ்சல் முகவரிகளைக் குறிப்பிடலாம். இது வாசலில் காவலாளி நின்று பெயர் கேட்பது போன்றது. இரண்டாம் வழியில், லிங்க் வைத்திருக்கும் எவரும் வரலாம் என்று அமைக்கலாம். இங்கே காவலாளி கிடையாது. லிங்க்தான் சாவி. சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்குக் கதவு திறக்கும்.

உள்ளே வந்தவர் என்ன செய்யலாம் என்பதற்கும் மூன்று படிகள் உண்டு. பார்க்க மட்டும் உரிமை, குறிப்புரை எழுத உரிமை, திருத்த உரிமை. மூன்றாவது படியைக் கொடுத்துவிட்டால், கணக்கு இல்லாதவரும் ஸ்லைடைச் சேர்க்கலாம், மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம். பவர்பாயிண்டின் இணையப் பதிப்பிலும் இதே ஏற்பாடு உண்டு.

இந்த வேலைக்குக் கணிப்பொறியே ஏற்றது. கைபேசியில் லிங்கைத் தொட்டால் பெரும்பாலும் செயலியைத் திறக்கச் சொல்லும். செயலியோ கணக்கைக் கேட்கும். பள்ளியே மாணவியருக்குக் கணக்கு வழங்கியிருந்தால், வெளியார் நுழையாதபடி நிர்வாகம் இந்த இரண்டாம் வழியை அடைத்து வைப்பதும் உண்டு.

லிங்கை யாராவது ஊகித்துவிட முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். கூகுள் தொகுப்பின் லிங்கில் நாற்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகளும் எண்களும் கலந்து வருகின்றன. அதை ஊகிப்பது கடற்கரையில் குறிப்பிட்ட ஒரு மணலைத் தேடுவது போன்றது. ஆனால் நீளமாக இருக்கிறதே என்று அதைச் சுருக்கினால் ஆபத்து. 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக்காக ஆய்வாளர்கள் இருவர், ஐந்தாறு எழுத்துகளே கொண்ட சுருக்க முகவரிகளைக் கணிப்பொறி கொண்டு ஒவ்வொன்றாக முயன்று பார்த்தார்கள். முன்பின் அறியாதவர்களின் ஒன்டிரைவ் கோப்புறைகள் பல அவர்களுக்குத் திறந்துகொண்டன. அவற்றில் நூற்றுக்கு 7 கோப்புறைகளில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலை இருந்தது! சாவி சிறிதானால் பூட்டு எதற்கு?

பல கைகள், ஒரே பக்கம்

பலர் ஒரே நேரத்தில் எழுதும்போது குழப்பம் வராதா? இங்கேதான் கணிப்பொறி அறிஞர்களின் திறமை தெரிகிறது. "மலையில் மழை பெய்தது" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருத்தி வரியின் தொடக்கத்தில் "நேற்று" என்று சேர்க்கிறாள். அதே நொடியில் இன்னொருத்தி, இரண்டாம் சொல்லான "மழை"யை எடுத்துவிட்டுப் "பனி" என்று போடுகிறாள். முதல் மாற்றம் முடிந்த பிறகு இரண்டாம் சொல் எது? "மலையில்" அல்லவா? இரண்டாவது கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் "நேற்று பனி மழை பெய்தது" என்று வரி கெட்டுப்போகும். ஆகையால் முதல் மாற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, "இரண்டாம் சொல்" என்ற கட்டளையை "மூன்றாம் சொல்" என்று கணிப்பொறி திருத்திக்கொள்கிறது. "நேற்று மலையில் பனி பெய்தது" என்று இருவர் திரையிலும் சரியாக வருகிறது.

இந்த முறையை 1989ஆம் ஆண்டில் எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு அறிஞர்கள் எடுத்துரைத்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கணக்குக்கு எழுதுகிறவரின் பெயர் தேவையே இல்லை. எந்த இடத்தில் என்ன மாற்றம் என்பதே போதும். பெயர் வேண்டியது கணிப்பொறிக்கு அல்ல, மனிதர்களாகிய நமக்குத்தான்.

விலங்கு முகமூடி

கணக்கு இல்லாமல் கூகுள் தொகுப்புக்குள் வருகிறவருக்குத் திரையின் மேல் ஓரத்தில் ஒரு விலங்கின் படம் கிடைக்கும். பெயரில்லாத கேபிபாரா, பெயரில்லாத வாம்பேட், பெயரில்லாத ஆக்ஸலாட்டில் என்று வேடிக்கையாக இருக்கும். குவாகா என்ற விலங்கும் அவற்றில் உண்டு. அது தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த வரிக்குதிரை இனம்; அதன் கடைசி உயிர் 1883ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் மடிந்தது. பார்க்க அழகுதான். ஆனால் இன்று வாம்பேட்டாக வந்தவள் நாளை வேறு விலங்காக வரலாம். அந்தப் படத்தை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது.

தொகுப்பில் நடந்த மாற்றங்களை எல்லாம் கூகுள் ஒரு வரலாற்று ஏட்டில் குறித்து வைக்கிறது. யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார் என்று அதில் பார்க்கலாம். கணக்குடன் வந்தவரின் பெயர் அங்கே இருக்கும். கணக்கில்லாமல் வந்தவர்கள் எத்தனை பேரானாலும் "பெயரில்லாதவர்கள்" என்று ஒரே தலைப்பில் அடங்கிவிடுவார்கள்.

எங்களுக்குக் கிடைத்த பாடம்

சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சிக்கு "நம் ஊர்க் குளங்கள்" என்ற தலைப்பில் ஐந்து பேர் தொகுப்பு தயாரித்தோம். எங்களில் ஒருத்திக்குக் கணக்கு இல்லை. அவள் வீட்டில் இருந்தது தந்தையின் கைபேசி ஒன்றே. அவளுக்காகவே ஆசிரியை லிங்க் வழியைத் திறந்து வைத்தார். மதிய இடைவேளையில் கணிப்பொறி அறைக்குப் போய் அவள் எழுதினாள். தன் பாட்டியிடம் கேட்டு, குளத்து மடையை யார் திறப்பார்கள், எப்போது தூர் வாருவார்கள் என்று அவள் எழுதிய ஸ்லைடுதான் தொகுப்பிலேயே சிறந்தது.

எங்களில் ஒருத்தி, பெருமையோடு அந்த லிங்கை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். கண்காட்சிக்கு முந்தின நாள் இரவு மூன்று ஸ்லைடுகள் காணாமல் போயின. அவை இருந்த இடத்தில் ஒரு கேலிப் படம் இருந்தது. வரலாற்று ஏட்டைத் திறந்தோம். "பெயரில்லாதவர்கள்" என்று மட்டும் இருந்தது.

உடனே எங்கள் பார்வை யார் மேல் விழுந்தது தெரியுமா? கணக்கில்லாத அந்தத் தோழியின் மேல்தான். "நான் தொடவே இல்லை, மிஸ்" என்று அவள் அழுதாள். ஆசிரியை எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் குழுவில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" நாற்பத்தாறு பேர். ஒவ்வொரு வீட்டிலும் கைபேசியையும் கணிப்பொறியையும் தொடும் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை வேறு. கணக்கு உள்ளவர்கூட அதிலிருந்து வெளியேறிவிட்டு வந்தால் பெயரில்லாதவர்தாம். பெயர் இல்லை என்பதற்குப் பொருள், "அவளாகத்தான் இருக்க வேண்டும்" என்பதல்ல. "யாராகவும் இருக்கலாம்" என்பதே. நாங்கள் வெட்கித் தலைகுனிந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். வரலாற்று ஏட்டிலிருந்து பழைய பதிப்பை ஆசிரியை ஒரு நிமிடத்தில் மீட்டுக் கொடுத்தார். அழித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. ஸ்லைடு திரும்பி வந்தது. ஆனால் அன்று அவள் சிந்திய கண்ணீரை எந்த ஏட்டிலிருந்து மீட்பது?

நாம் செய்ய வேண்டியவை

அப்படியானால் இந்த வழியே வேண்டாம் என்று அடைத்துவிடலாமா? கூடாது. நம் நாட்டில் பதின்மூன்று வயது நிறையாதவர்கள் தாமாகக் கூகுள் கணக்குத் தொடங்க முடியாது; பெற்றோர் துணை வேண்டும். வீட்டில் வசதியில்லாத தோழிகளும் நம்மிடையே உண்டு. கதவை அடைத்தால் முதலில் வெளியே நிற்பவர்கள் அவர்களே. ஆகவே கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நாம் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவதாக, லிங்கை வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள். பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பார்க்கும் உரிமை போதும்.

இரண்டாவதாக, கணக்கில்லாமல் எழுதுகிறவள் தன் ஸ்லைடின் ஓரத்தில் தன் பெயரை எழுதட்டும். அது அவளுக்குப் பாதுகாப்பு; அவள் உழைப்புக்கு உரிய மதிப்பும் ஆகும். தொகுப்பு வெளியார் கண்ணில் படும் முன் அதை எடுத்துவிடலாம்.

மூன்றாவதாக, வீட்டு முகவரி, தொலைபேசி எண், தோழியரின் புகைப்படம் ஆகியவற்றை இப்படித் திறந்து கிடக்கும் தொகுப்பில் வைக்கவே வேண்டாம்.

நான்காவதாக, ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் உரிமையாளர் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும்.

ஐந்தாவதாக, எல்லாம் முடிந்த பின் 'ஷேர்' பொத்தானுக்குத் திரும்பிப் போய்த் திருத்தும் உரிமையை நீக்கிவிட வேண்டும். அதன்பின் பழைய லிங்க் யாரிடம் இருந்தாலும் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. கல்யாண வீட்டுக்கு இரவல் கொடுத்த சாவியை விருந்து முடிந்ததும் திரும்ப வாங்குவது போல.

சகோதரிகளே! பெயர் கேட்காத கதவு நம்மை நம்பித்தான் திறந்திருக்கிறது. அங்கே விலங்கின் முகமூடி நமக்குக் கிடைக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் எழுதுகிற கை நம்முடைய கைதான். பெயர் தெரியும் இடத்தில் எப்படி எழுதுவோமோ அப்படியே பெயர் தெரியாத இடத்திலும் எழுதுவோம். பெயரில்லாதவள் மேல் பழி சுமத்தும் முன் ஒரு கணம் நின்று யோசிப்போம். அப்போது நாம் கூடி இழுக்கும் தேர் ஒருவரையும் காயப்படுத்தாமல் நிலை வந்து சேரும்.