டீசல் காசும் வீட்டுக் கணக்கும்: கல்லூரியில் நிதித் திட்டமிடல் படிப்பவர்களுக்கு

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு கரை சேர்ந்து மீன் ஏலம் போனதும் கணக்குப் பார்ப்பார்கள். டீசல், ஐஸ், சாப்பாடு என்று செலவை முதலில் கழிப்பார்கள். மிஞ்சியதைத்தான் உரிமையாளருக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு பிரிப்பார்கள். எவ்வளவு நெருக்கடி என்றாலும் டீசல் காசில் யாரும் கை வைப்பதில்லை. வைத்தால் படகு அடுத்த முறை கடலுக்குப் போகாது. தனிநபர் நிதித் திட்டமிடல் என்ற பாடம் முதலில் கற்றுத்தருவது இந்தப் படகுக் கணக்கைத்தான். வீட்டுக்கும் ஒரு டீசல் காசு உண்டு. அதை எடுத்துவைத்த பிறகே செலவு.

வணிகவியலோடு விருப்பப் பாடமாகவோ சான்றிதழ்ப் படிப்பாகவோ வரும் இதை, காசு உள்ளவர்களின் பாடம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். சீசன் வருமானத்தில் வாழும் வீட்டுப் பிள்ளைக்குத்தான் இது அவசரத் தேவை. நம் கரையில் பல தொழில்கள் சீசனை நம்பியவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஐப்பசி மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பி விளைந்த ஆண்டு பணம் புரண்டது. விளையாவிட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல்.

வரவு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விசைப்படகுத் தொழிலாளி ஒருவர் பத்து மாதத்தில் 1,80,000 ரூபாய் சம்பாதிக்கிறார். மாதம் 18,000 வருகிறது என்று அவ்வளவையும் செலவழித்தால், தடைக்காலத்தில் கை காலி. அதே தொகையைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 15,000. மாதம் 3,000 எடுத்துவைத்தால் பத்து மாதத்தில் 30,000 சேரும். தடைக்காலம் இரண்டு மாதத்துக்கும் சோறு அதில் இருக்கிறது.

கடன்

அந்த 30,000 இல்லாதவர் வட்டிக்கு வாங்குகிறார். 'மூன்று வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆண்டுக்கு அது 36 சதவீதம். முதலைக் கடைசியில் அடைக்கிறார் என்றால், பத்து மாதத்துக்கு வட்டி மட்டும் 9,000 ரூபாய். மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வட்டியாகப் பார்க்கும் பழக்கம் ஒன்று வந்தாலே, இந்தப் படிப்புக்குக் கட்டிய பணம் வீண் போகாது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது என்பதும் மாணவர் அறிய வேண்டியது.

காப்பீடு

முதலீட்டுக்கு முன் காப்பீடு. பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்துக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்; விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஜீவன் ஜோதி பீமாவுக்கு 436 ரூபாய். நோயோ விபத்தோ, இறந்தால் 2 லட்சம். இதில் 18 முதல் 50 வயதுவரை சேரலாம். இரண்டுக்கும் வங்கிக் கணக்கு இருந்தால் போதும். கடலுக்குப் போகும் அப்பாவுக்கு இந்த இரண்டும் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.

முதலீடு

பங்குச்சந்தை என்றதும் மிரள வேண்டாம். படகில் சொல்லும் அதே 'பங்கு'தான் இதுவும். மீன் பட்டால் பங்கு உண்டு, படாவிட்டால் இல்லை. 1906-இல் வ.உ.சி. இந்த ஊரில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, 25 ரூபாய்ப் பங்குகளாகத்தான் முதல் திரட்டியது. நோக்கம் பெரிது, மக்களின் ஆதரவும் பெரிது. ஆனாலும் ஆங்கில அரசின் நெருக்குதலைத் தாங்க முடியாமல் 1911-இல் கலைக்கப்பட்டது. பங்கில் போடும் பணம் போனாலும் வீடு நிற்க வேண்டும் என்று அதனால்தான் பாடம் சொல்கிறது.

டெபாசிட்டின் கதை வேறு. 1921-இல் இதே ஊரில் நாடார் வங்கி பிறந்தது. 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறி இன்றும் நடக்கிறது. வங்கி டெபாசிட்டுக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. வட்டி குறைவு, தூக்கம் நிம்மதி. அவசரத்துக்கு வேண்டிய காசு டெபாசிட்டில், பத்து ஆண்டு தொடத் தேவையில்லாத காசில் ஒரு பகுதி பங்கில் என்று பிரிப்பதே திட்டமிடல்.

இந்தப் பாடத்தில் தேறியதும் ஆலோசகர் என்று பலகை மாட்டிவிட முடியாது. கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை சொல்ல என்.ஐ.எஸ்.எம். என்ற பங்குச்சந்தைக் கல்வி நிறுவனத்தின் தேர்வுகளில் தேறி, சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு செய்ய வேண்டும்.

ஆனால் சொந்த வீட்டுக்கு ஆலோசகராக எந்தப் பதிவும் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அம்மாவோடு உட்கார்ந்து, வரும் ஓராண்டுக்கு மாதம் ஒரு பக்கமாக வரவும் செலவும் எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி, எடுத்துவைத்த தொகையாக இருக்கட்டும்.